திரையில் ஒரு பர்மா ராணி... களத்தில் நம் ஜான்சி ராணிகள்!

போர்க்காலக் காதல் படம் என்றதும் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது ‘காசாபிளாங்கா’தான். 1942இல் ஹாலிவுட்டில் உருவான அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு விமானம் நிற்கிறதே, அது அசல் விமானமே அல்ல! அட்டையும் பலகையும் கொண்டு செய்த சிறிய மாதிரி. அது சிறியது என்று தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காக, பக்கத்தில் குள்ளமானவர்களை மெக்கானிக்குகளாக நிறுத்தினார்கள். பியானோ வாசித்துக்கொண்டே பாடும் பாத்திரத்தில் நடித்த டூலி வில்சனுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. அவர் டிரம்ஸ் கலைஞர்!

ஹாலிவுட்டின் இந்தச் சங்கதிகள் நமக்கு அத்துப்படி. ஆனால், அதே போரைப் பின்னணியாக வைத்து, பாட்டும் காதலும் கலந்து தமிழில் ஒரு படம் வந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் பெயர் ‘பர்மா ராணி’. வெளிவந்த ஆண்டு 1945.

சேலத்தில் ஒரு பர்மா

படத்தைத் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். இயக்கியவர் அதன் அதிபர் டி.ஆர். சுந்தரம். பின்னாளில் ‘மந்திரி குமாரி’யையும், தமிழின் முதல் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தையும் தந்த அதே சுந்தரம்தான்.

பர்மாவில் வந்து சிக்கிக்கொள்ளும் இந்திய விமானப் படை வீரனுக்கு உள்ளூர்ப் பெண் ஒருத்தி அடைக்கலம் தருகிறாள். இருவருக்கும் காதல். வில்லன்கள் ஜப்பானியர்கள். நாயகன் சி. ஹொன்னப்ப பாகவதர், நாயகி கே.எல்.வி. வசந்தா. ஜப்பானிய இராணுவ அதிகாரியாக நடித்தவர் வேறு யாருமல்ல, இயக்குநர் சுந்தரமேதான்!

ரங்கூன் 1942 மார்ச் மாதமே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. படக்குழு பர்மா பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. ஆகவே, ஏற்காடு மலையடிவாரத்து ஸ்டூடியோதான் பர்மாவாக மாறியது.

பிலிமுக்கும் ரேஷன்!

அரிசிக்கும் சீனிக்கும் மட்டுமா ரேஷன்? பிலிமுக்கும்தான்! பிலிம் சுருள் முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய பொருள். போரில் அது தட்டுப்பாடானதும், ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடு விதித்தது. திரையில் ஓடும் நேரக் கணக்குப்படி அது சுமார் இரண்டு மணி நேரம்தான். மூன்று மணி நேரப் படமும் வரிசை வரிசையாகப் பாட்டும் பார்த்துப் பழகிய தமிழ் ரசிகர்களுக்கு இது புதிது. 1944 தீபாவளிக்கு வந்து சக்கைப்போடு போட்ட தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’கூட இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பிலிம் அரசாங்கத்தின் கையில். பிலிம் வேண்டுமென்றால் அரசாங்கத்தின் மனம் கோணக் கூடாது. போருக்கு ஆதரவாகப் படம் எடுங்கள் என்ற நெருக்குதல் பட அதிபர்களுக்கு வந்தது இப்படித்தான். இதில் பெரிய வேடிக்கை இயக்குநர் கே. சுப்பிரமணியம் கதை. தேசபக்தி பொங்க அவர் எடுத்த ‘தியாகபூமி’யைத் தடை செய்தது பிரிட்டிஷ் அரசு. அவரே 1945இல், எஸ்.டி. சுப்புலட்சுமியை நாயகியாக வைத்து, ஜப்பானியருக்கு எதிரான ‘மானசம்ரட்சணம்’ படத்தை எடுத்தார்!

கதையில் இல்லாத நம்மவர்கள்

சரி, ‘பர்மா ராணி’ படமாகிக்கொண்டிருந்த காலத்தில் மலாயாத் தமிழர்கள் எங்கே இருந்தார்கள்? 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. தோட்டப்புறங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1943 அக்டோபரில் 415 கிலோமீட்டர் பாதை முடிந்தபோது, போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இந்தப் பர்மா திரையில் வரவே இல்லை.

வராத இன்னொரு பர்மாவும் உண்டு. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும் பகுதியினர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். பலர் பால்மரம் வெட்டிய கைகளில் துப்பாக்கி ஏந்தியவர்கள். தலைமை தாங்கியவர் கேப்டன் லட்சுமி. நேதாஜியின் பேச்சைக் கேட்டுத் தன் காதணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்த கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர், அதன் முக்கிய அதிகாரிகளுள் ஒருவரானார்.

1944இல் இவர்கள் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? அதே பர்மா! திரையில் வந்த ராணி ஜப்பானியரை எதிர்த்தாள். நம் ராணிகளோ இந்திய விடுதலைக்காக ஜப்பானியரோடு ஒரே அணியில் நின்றார்கள். 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, ரயிலில் வந்தவர்கள்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு வீராங்கனைகள் உயிரிழந்தார்கள். ஜானகி உள்ளிட்ட இன்னொரு குழு, நேதாஜியோடு பாங்காக் நோக்கி நாள்கணக்கில் நடந்தது.

யாருடைய பிலிம், யாருடைய கதை?

ஒரே நாடு, ஒரே போர், இரண்டு ராணிகள். பிலிம் யார் கையில் இருந்ததோ, அவர்களுக்கு வேண்டிய ராணிதான் திரைக்கு வந்தாள். மலாய்த் திரையுலகம் 1958இலேயே ‘சார்ஜன் ஹசான்’ மூலம் மலாய் வீரனின் போர்க் கதையைச் சொல்லிவிட்டது. அதில் நாயகன் பி. ரம்லி. பின்னாளில் அவர் பணியாற்றிய மெர்டேக்கா ஸ்டூடியோ இருந்தது நம் அம்பாங்கை ஒட்டிய உலு கிளாங்கில்தான். அந்த வளாகம் பிறகு பினாஸ் கைக்கு வந்தது.

போர் முடிந்ததும் ஜானகி பொது வாழ்வில் இறங்கினார். ஜானகி ஆதி நாகப்பனாக மேலவை உறுப்பினரானார். 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2014இல் மறைந்தார். அவர் பெயராவது பதிவாகியிருக்கிறது. படையிலிருந்து தோட்டத்துக்கே திரும்பி, மறுபடியும் பால்வாளி தூக்கிய பெண்கள் எத்தனை பேர்?

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் சீருடை அணிந்த பாட்டியின் படம் ஒன்று கிடக்கலாம். இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். பின்னால் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். அதற்கு 11,000 அடி பிலிம் தேவையில்லை. ஒரு பேனா போதும்!