கீபோர்டுக்குக் கீழே ஒரு ஜமக்காளம்

பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இன்றும் நடக்கிறது. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் தன்னார்வலர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். வீட்டு மேசை, மடிக்கணினி, மலிவான ஒரு மைக்: பலருக்கும் இதுதான் ஸ்டூடியோ. பாடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, பக்கத்தைத் தள்ளுவதற்கு கீபோர்டைத் தட்டியபடியே வாசிப்பார்கள். கேட்கிற மாணவரோ ஹெட்போனில், பல சமயம் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பார். வாசிப்பவர் காதில் விழாத அந்த ‘டக், டக்’ அவருக்குத் தெளிவாகக் கேட்கும். யூடியூபில் கணினிப் பாடம் நடத்துபவர்கள் பாடு இன்னும் மோசம். பேசும்போதே தட்டியாக வேண்டும்.

ஒரு விசையை அழுத்தினால் ஒரு சத்தம் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் இரண்டு. விசை அடித்தட்டில் மோதும்போது ஒன்று, விரலை எடுத்ததும் அது மேலே திரும்பும்போது இன்னொன்று. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய விநாடியில் பத்தில் ஒரு பங்கு. இந்தச் சத்தத்தை மட்டும் வைத்தே எந்த விசை தட்டப்பட்டது என்று கணிக்க முடியும் என 2004-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2023-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பக்கத்தில் வைத்த கைபேசியின் பதிவிலிருந்து 95 சதவீதமும், ஸூம் அழைப்பின் வழியாக 93 சதவீதமும் சரியாகக் கணித்தார்கள். ஆன்லைன் வகுப்பில் பாஸ்வேர்டு அடிக்கும்முன் மைக்கை அணைத்துவிடுவது நல்லது.

சரி, சத்தத்தை எப்படிக் குறைப்பது? முதலில் காதை மேசைப் பலகையில் வைத்து, வீட்டில் யாரையாவது தட்டச் சொல்லிக் கேளுங்கள். காற்றில் ‘டிக்’ என்று கேட்டது மரத்தில் ‘தொம்’ என்று கேட்கும். மேசையில் நிற்கும் மைக்கும் இதைத்தான் கேட்கிறது. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தட்டுவது ஒன்றை, அதிர்வது பக்கத்திலுள்ளதும்தான். எனவே கீபோர்டுக்குக் கீழே ஜமக்காளத்தையோ பழைய டவலையோ நாலாக மடித்துப் போடுங்கள். மைக்கை மேசையிலிருந்து இறக்கி, தனி ஸ்டூலில் வையுங்கள். செலவு ஒன்றுமில்லை, பலன் கேட்ட மாத்திரத்தில் தெரியும்.

அடுத்தது தூரம். திறந்த வெளியில், தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும் மைக்குக்கு விசைகள் 10 சென்டிமீட்டரில், உங்கள் வாய் 50 சென்டிமீட்டரில். போட்டி தொடங்கும்போதே கீபோர்டு 14 டெசிபல் முன்னால் நிற்கிறது. தனி மைக்கை வாய்க்கு 15 சென்டிமீட்டரில் கொண்டுவந்து, கீபோர்டை அதிலிருந்து 60 சென்டிமீட்டரில் வைத்தால், குரல் 12 டெசிபல் முன்னால் போய்விடும். அறையின் எதிரொலி இந்தக் கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும். ஆனாலும் எந்த மென்பொருளும் இவ்வளவு சுத்தமாக இதைச் செய்து தராது.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. முன்னால் வருவதை நன்றாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் கேட்கும் ‘கார்டியாய்டு’ மைக்கை வாங்கி, அதை நெற்றிக்கு மேலிருந்து கீழ்நோக்கித் தொங்கவிடுவார்கள். அப்போது அது வாயைப் பார்க்கிறது, அதே பார்வையில் கீபோர்டையும் பார்க்கிறது. மோவாய்க்குச் சற்றுக் கீழே வைத்து வாயை நோக்கி நிமிர்த்தினால், கீபோர்டு அதன் முதுகுப்பக்கம் போய்விடும்.

கீபோர்டு விஷயத்தில் மலிவானதே நல்லது என்பது ஆச்சரியம்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ரப்பர் குமிழ் வைத்த சாதாரண கீபோர்டு, ஆயிரக்கணக்கில் விற்கும் ‘கிளிக்’ வகை மெக்கானிக்கல் கீபோர்டைவிட அமைதியானது. கையும் காரணம். இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் படித்து ஹையர் பாஸ் செய்தவர்கள், கார்பன் தாளுக்கும் சேர்த்து அடித்த பழக்கத்தில், பிளாஸ்டிக் விசையையும் ஓங்கித்தான் அடிப்பார்கள். தட்டும் எண்ணிக்கையையும் குறைக்கலாம். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசையமைப்பில் ‘பத்தமடை’ என்று அடிக்க 6 தட்டு போதும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் 12.

பத்தமடை என்றதும் பாய் ஞாபகம் வரும். கோரைப்பாயைச் சுவரில் ஒட்டினால் எதிரொலி அடங்குமா? பெரிதாக அடங்காது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். சுவரை ஒட்டிய காற்று அசைவதே இல்லை; ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தள்ளித்தான் அது நன்றாக அசைகிறது. மெல்லிய பாய், அசைவில்லாத இடத்தில் எதைத் தடுக்கும்? கனமான இலவம்பஞ்சு மெத்தையை முதுகுக்குப் பின்னால் சுவரோரம் நிமிர்த்தி வைப்பதே உருப்படியான வழி. 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சாபின் செய்ததும் இதுபோலத்தான். பேச்சு புரியாமல் எதிரொலித்த விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்ய, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறை அங்கேதான் பிறந்தது.

மென்பொருளைக் கடைசியில் தொடுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள், மின்விசிறி இரைச்சல் மாதிரி ஒரே சீராக ஓடுவதை நன்றாகவே கழிக்கும். சட்டென்று வந்து மறையும் தட்டலிடம் திணறும். பேச்சின் இடைவெளியில் விழும் தட்டலை ‘நாய்ஸ் கேட்’ வெட்டிவிடும். சொல்லின்மேல் விழுவதை ஓரளவு குரலே மறைத்துவிடும். தட்டலை வேட்டையாடும் செயற்கை நுண்ணறிவு வடிகட்டிகளும் வந்துவிட்டன. ஆனால் நம் க், ட், ப் போன்ற வல்லினங்களும் காற்று வெடித்து வரும் குறுஞ்சத்தங்கள்தானே! வடிகட்டியை முழுக்கத் திருகினால், தட்டலோடு சேர்ந்து வல்லினமும் மழுங்கும். பாடம் கேட்கும் பிள்ளைக்குத் தட்டலைவிட இது பெரிய தொல்லை.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 முதல் இயங்குகிறது. வானொலியில் உரை வாசித்தவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும்: தாள்களைப் பின் அடிக்காமல் தனித்தனியாக வைத்துக்கொண்டு, படித்து முடித்ததை ஓசையில்லாமல் ஓரமாக நகர்த்துவார்கள். பாடம் மட்டும் வாசிக்கிறவர்கள் அதையே செய்யலாம். அச்செடுத்து வைத்துக்கொண்டு, கீபோர்டை அடுத்த அறையில் விட்டுவிட்டு வந்து உட்காருங்கள்.