வீட்டிற் கட்டும் வண்டிக்கு ஓர் இயந்திரம்

பிரித்தானியாவில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. முழு மோட்டார் வண்டியை விலைக்கு வாங்காமல், அடிச்சட்டத்தையும் மேற்தகடுகளையும் தொகுதியாக வாங்கி, மற்றை உறுப்புகளைப் பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிப் பூட்டி, வீட்டுக் கொட்டகையிலேயே வண்டி கட்டிக்கொள்வோர் அங்கே பலர். இதற்கு வரிச் சலுகையும் ஒரு காரணமாயிருந்தது. 1957இல் கொலின் சப்மன் தமது லோட்டஸ் செவன் வண்டியை வெளியிட்ட காலத்தில், பூட்டாத தொகுதியாக வாங்கினால் கொள்வனவு வரி இல்லை. 1973இல் பெறுமதி சேர் வரி வந்ததும் அச்சலுகை ஒழிந்தது. கட்டும் ஆசை ஒழியவில்லை. 1996இல் றொன் சாம்பியன் என்பவர் எழுதிய நூலின் தலைப்பே, 250 பவுண் செலவில் விரைவு வண்டியொன்றைக் கட்டலாம் என்று ஆசை காட்டியது.

உறுப்புகளை ஈயும் பழைய வண்டியைக் கொடை வண்டி என்பர். அதன் இயந்திரமே கட்டுபவரின் முதற் கவலை. வலு மிகுதியாக வேண்டும். கையிற் பணமோ குறைவு. இந்நிலையில் அவர் கண் டர்போ பொருத்திய பழைய இயந்திரங்கள் மேல் விழுவது இயல்பே.

டர்போ என்பது யாது? இயந்திரம் வெளியேற்றும் கழிவு வாயுவில் வெப்பமும் விசையும் வீணாகப் போகின்றன. அவ்வாயுவைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தாற் காற்றை அமுக்கி உருளைகளுக்குள்ளே செலுத்துவதே அதன் வேலை. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். சிறிய இயந்திரம் பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்யும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இற் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருத்து இது.

இனி, மலிவு என்பதை எவ்வாறு கணக்கிடுவது? யானை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியவனுக்குச் சங்கிலியும் தீனியும் பாகனும் பின்னே காத்திருப்பது போல, இயந்திரத்தின் விலைக்குப் பின்னே வேறு பல செலவுகள் வரிசையில் நிற்கின்றன. அவற்றுட் பெரியது கியர்ப்பெட்டி.

லோட்டஸ் செவன் வகை வண்டிகளில் இயந்திரம் முன்னே நீளவாட்டில் இருக்க, பின் சக்கரங்கள் உந்தும். பழைய வண்டிச் சந்தையில் மலிந்து கிடக்கும் இயந்திரங்களோ முன் சக்கரங்களை உந்துவதற்கென ஆக்கப்பட்டவை. 1990களின் நடுப்பகுதி முதல் வொக்ஸ்வாகன், அவுடி வண்டிகளில் இடம்பெற்ற 1.8 லீற்றர் டர்போ இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு உருளைகள், இருபது வால்வுகள். வகைக்கேற்ப 150 முதல் 225 வரை குதிரைவலு. அருமையான இயந்திரம்தான். ஆயினும் அதன் கியர்ப்பெட்டி முன் சக்கரங்களுக்கே உரியது. செவன் வகை வண்டியில் அதை அமைக்க வேற்றுக் கியர்ப்பெட்டியும், இரண்டையும் இணைக்கும் தகடும், பொருந்தும் கிளச்சும் தேடவேண்டும். இவை சேர்ந்து இயந்திரத்தின் விலையை எளிதில் மிஞ்சிவிடும்.

வொல்வோவின் 740, 940 வண்டிகள் அவ்வாறல்ல. 1984இற்கும் 1998இற்கும் இடையில் வெளிவந்த இவற்றில், 2.3 லீற்றர் டர்போ இயந்திரம் நீளவாட்டில் நின்று பின் சக்கரங்களை உந்துகின்றது. கியர்ப்பெட்டி கூடவே வந்துவிடும். வார்ப்பிரும்பு உடல், வலிமை மிக்கது. குறையும் உண்டு: பாரம் கூடியது, உயரமானது. தாழ்ந்த வண்டியின் மூடி அதன் தலையை மறைக்காது. எண்ணெய்த் தொட்டியை வெட்டிக் குறுக்க நேரலாம். கழிவு வாயு வெளிவருவதும் வலப்பக்கம். பிரித்தானிய வண்டிகளிற் சுக்கான் தண்டு செல்வதும் அப்பக்கமே. செந்நிறமாகக் காயும் டர்போவுக்கும் சுக்கானுக்கும் இடையே வெப்பத்தடை அமைக்காமல் விடுவது அறியாமை அன்று, ஆபத்து.

முன் சக்கர இயந்திரத்தையே விரும்புவோருக்கு வேறு வழியும் உண்டு. இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் பிரிக்காமல் அப்படியே ஆசனங்களுக்குப் பின்னே வைத்துவிடுவது. 1972இல் பியற் நிறுவனம் தனது எக்ஸ் 1/9 வண்டியில் இவ்வாறே செய்தது. ஆனால் அதற்கேற்ற அடிச்சட்டத்தை முதலிலேயே தெரிந்தெடுக்கவேண்டும்.

மின்கம்பிகள் வேறொரு சிக்கல். பிற்கால வண்டிகளிற் சாவி, முகப்புப் பலகை, இயந்திரத்தின் கணினி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டாலன்றி இயந்திரம் ஓடாது. இயந்திரத்தை மாத்திரம் வாங்கியவர் இங்கே கைவிரித்து நிற்பார். எனவே, மோதி நொருங்கியதாயினும் முழு வண்டியையே வாங்குவது மேல். கம்பி, கணினி, சாவி, எரிபொருட் பம்பி யாவும் கிட்டும். வேண்டாதவற்றை விற்றுப் பணத்திற் சிறிது மீட்கலாம். பத்திரங்களும் உடன் வரும். பிரித்தானியாவிற் கட்டிய வண்டி 2009 முதல் தனி வாகன அங்கீகாரச் சோதனையிற் தேறவேண்டும்; புகைக்குரிய வரம்பு இயந்திரத்தின் வயதைப் பொறுத்தது. வயதை நிறுவ ஆதாரமில்லாத இயந்திரம் எவ்வளவு மலிவாயினும் வில்லங்கமே.

வாங்குமுன் டர்போவின் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டிற் சிற்றசைவு இருத்தல் குற்றமன்று. அத்தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதப்பது. முன்னும் பின்னும் அசைந்தால் தேய்ந்துவிட்டது என்று கொள்க. சிறிது நேரம் சும்மா ஓடவிட்டு முடுக்கும்போது நீலப்புகை கிளம்பினாலும் எச்சரிக்கை வேண்டும். இங்கே ஒரு நுட்பம்: தேய்ந்த டர்போவை மாற்றிவிடலாம், எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய இயந்திரத்தின் உட்புறத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளே கரிக்களி படிந்திருக்கின்றதா என்று பார்ப்பவர் புத்திசாலி.

வலுவைப் பற்றியும் ஒரு சொல். செவன் வகை வண்டியின் எடை 500 கிலோகிராமை அடுத்தது. டர்போவின் வலு சற்றுத் தாமதித்து, பின்பு திடீரெனப் பாயும் இயல்பினது. ஈரமான வளைவில் அப்பாய்ச்சல் வந்தால் பின் சக்கரங்கள் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். ஆகவே, காற்றழுத்தத்தைத் தொழிற்சாலை வைத்த அளவுக்கு மேல் உயர்த்தாமல் ஓட்டிப் பழகுவதே தக்கது. குடும்ப வண்டிக்குப் போதுமாயிருந்த 150 குதிரைவலு, இச்சிறு வண்டிக்கு மிகையாகவே இருக்கும்.

யாவும் பூட்டிய பின், முதன்முறை இயந்திரத்தை முடுக்கும் வேளை பொல்லாதது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேலும் சுழலக்கூடியது. எண்ணெயின்றிச் சில விநாடி சுழன்றாலும் கெடும். பொறுமையுள்ளவர் எண்ணெய்க் குழாயை நிரப்பி, எரிபொருளையும் தீப்பொறியையும் நிறுத்திவைத்து, எண்ணெய் அழுத்தம் காட்டியில் ஏறும்வரை இயந்திரத்தை வெறுமனே சுழற்றுவர். அதன் பின்னரே சாவியைத் திருப்பி உயிர் கொடுப்பர்.