தாத்தாவின் ஊர் கிடைக்கவில்லையா?

"பணம் கட்டினேனே, தாத்தாவின் சொந்த ஊர் எங்கே?" வம்சாவளியைத் தேடித் தருவதைத் தொழிலாகச் செய்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கோபம் இது.

மலாயாத் தமிழர் விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறும். 1938-இல் இந்தியா தோட்டத் தொழிலாளர்களை இங்கு அனுப்புவதைத் தடை செய்யும்வரை, கங்காணிகள் அழைத்து வந்தவர்களின் பெயர்கள் கிராணிகளின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டன. ஒரே முனியாண்டி மூன்று விதமாக இருப்பார்.

ஆகவே ஆய்வாளர் விற்பது தேடலைத்தான், தாத்தாவை அல்ல. எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பதிவேடுகள் என்பதை முன்பணம் வாங்குமுன்பே எழுதிக் கையொப்பமிட்டால் பாதிச் சண்டை வராது.

புகார் வந்துவிட்டால், அறிக்கையை வாடிக்கையாளருடன் உட்கார்ந்து படிப்பதே நல்லது. எந்த ஆண்டுகள், எந்த எழுத்துக்கூட்டல்கள் பார்க்கப்பட்டன என்பது அதில் இருக்க வேண்டும். "இங்கே இல்லை" என்பதும் விடைதான். அடுத்த முறை அங்கே காசு செலவாகாது. சொன்ன பதிவேடு விடுபட்டிருந்தால் இலவசமாகத் தேடித் தர வேண்டும். ஒப்புக்கொண்ட வேலை முடிந்திருந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பேன்.

கிடைத்த உண்மை பிடிக்காமல் வரும் கோபம் வேறு. ஜமீன் வம்சம் என்று கேட்டு வளர்ந்தவரிடம், 'தந்தையின் தொழில்: பால்மரம் வெட்டுபவர்' என்றிருக்கும் பிறப்புப் பத்திரத்தை நீட்டினால் முகம் சுருங்கும். (அதில் என்ன குறைச்சலோ!) நகலைக் காட்டலாம், பொறுமையாக விளக்கலாம். ஓர் எழுத்தைக்கூட மாற்றித் தரக்கூடாது.