சித்திரை வெயிலிற் கூதல்

மாறுவேடம் பூண்ட வியாதி

யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதத்திலே, ஓலைக்கூரையின் கீழிருந்தும் விசிறியைக் கீழே வைக்க மனம் வராத ஒரு மத்தியான வேளையில், எங்கள் பெரியம்மா கம்பளிச் சால்வையொன்றைத் தோளைச் சுற்றிப் போர்த்துக்கொண்டு குசினி வாசலிலிருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். கூதலாயிருக்கிறதென்றார். குரல் தடித்திருந்தது, முகம் அதைத்திருந்தது, புருவங்களின் வெளியோரம் உதிர்ந்துபோயிருந்தது, உணவு குறைந்தும் சரீரம் பருத்திருந்தது. “வயசு போட்டுதுதானே, இனி என்ன?” என்று அவரும் வீட்டாரும் ஒருமித்துத் தீர்ப்பளித்துவிட்டபடியால், இரண்டு வருஷமாக ஒருவரும் வைத்தியரை நாடவில்லை. ஆண்களைவிடப் பெண்களையே பன்மடங்கு அதிகமாகப் பற்றும், தைரொயிட்டுச் சுரப்பி சோம்புவதாகிய இவ்வியாதி, முதுமையென்றும் அலுப்பென்றும் கவலையென்றும் வேடம் பூண்டு வருவதனாலேயே நெடுநாள் ஒளிந்திருக்கிறது.

சுரப்பி செய்யும் தொழில்

குரல்வளையின் கீழே மூச்சுக்குழலை அணைத்தாற்போல வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைரொயிட்டுச் சுரப்பி, ஏறக்குறைய 20 கிராம் நிறையுடைய சிற்றவயவமேயாயினும், அது சுரக்கும் தைரொக்சினே சரீரத்தின் கலங்கள் எவ்வளவு விரைவாகத் தம் தொழிலை நடத்தவேண்டுமென்பதை நிர்ணயிக்கிறது. அது குறைந்தால், அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிட்டாற்போல உஷ்ணம் தணிகிறது, இதயத்துடிப்பு மெதுவாகிறது, மலம் கட்டுகிறது, தோல் வறண்டு மயிர் கொட்டுகிறது, கொலஸ்திரோல் ஏறுகிறது, மாதவிலக்கு மிகுவதும் கருத்தரிப்புத் தடைப்படுவதும் உண்டு, ஞாபகம் மங்கி மனம் சோர்கிறது. குதிக்காலின் பின்புறத் தசைநாரை வைத்தியர் சிறு சுத்தியலால் தட்டினால், அசைந்த பாதம் தயங்கித் தயங்கியே பழைய நிலைக்கு மீளும். இந்த மந்தத்தைப் பிரத்தியட்சமாகக் காட்ட அதைவிடச் சிறந்த காட்சியை நான் அறியேன்.

உப்பும் அதன் எல்லையும்

தைரொக்சின் மூலக்கூறொன்றில் நான்கு அயடீன் அணுக்கள் உள்ளன. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும் கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராமும் அயடீன் வேண்டும். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலே அயடீன் குறைவால் கழுத்து வீங்கும் கண்டக்கழலை மலிந்திருந்த காரணத்தால், 1995ஆம் ஆண்டளவில் உப்பில் அயடீன் சேர்ப்பது நாடு முழுவதற்கும் விதியாயிற்று. யுத்தத்தில் மூடுண்டு பின்னர் மீண்ட ஆனையிறவு உப்பளத்துக் கல்லுப்பின் ருசியை இன்னும் மறவாதவர்களும், வாங்கும் பொதியில் அயடீன் சேர்ந்ததா என்று பார்த்து, மூடிய பாத்திரத்தில் வைத்துக்கொள்வது நலம்.

எனினும் உப்பு சர்வரோக நிவாரணியன்று. அயடீன் போதியளவு கிடைக்கும் இடங்களில், உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையெனக் கருதித் தாக்கும் வியாதியே தைரொக்சின் குறைவதற்கு முதற்காரணம். 1912இல் அதை விவரித்த ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோவின் பெயரால் அது வழங்குகிறது. அத்தகையோர் உப்பைக் கூட்டியுண்பதால் பயனில்லை. மிகை அயடீன் சிலருக்குத் தீங்கும் செய்யும். மரவள்ளிக்கிழங்கு சுரப்பியைக் கெடுக்குமென்ற பயமோ, அயடீன் குறைந்த இடங்களில் அதையே பிரதான உணவாகக் கொள்வோருக்குரியது. எப்போதாவது அவித்துச் சம்பலோடு உண்பவர் அஞ்சவேண்டியதில்லை.

பரிசோதனையும் குளிசையும்

சுரப்பி சோம்பும்போது, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அதை அதட்டி எழுப்ப அதிகமாக வெளிவிடும் ரீ.எஸ்.எச். என்னும் பொருளை இரத்தப் பரிசோதனையில் அளந்து நோயை அறிகிறார்கள். 1891இல் இங்கிலாந்திலே மரே என்னும் வைத்தியர் ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் ஏற்றி ஒரு பெண்மணியைத் தேற்றினார். இன்று அவ்வேலையைச் செயற்கைத் தைரொக்சின் குளிசை செய்கிறது. முதியோருக்கும் இதய நோயாளருக்கும் குறைந்த அளவிலேயே தொடங்குவர். ஆறு முதல் எட்டு வாரத்தில் மீண்டும் பரிசோதித்து அளவைத் திருத்துவர். கர்ப்பம் தரித்தால் தேவை கூடுமாதலின் உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும். கிளினிக்கிற் கொடுக்கும் இரும்பு, கல்சியம் குளிசைகளைத் தைரொக்சினிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியே விழுங்கவேண்டும்.

தைரொக்சின் குளிசையை வெறுவயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது தேத்தண்ணி குடியாமலிருக்கவேண்டுமென்ற விதிதான், கடைசியில் வைத்தியரை நாடிய பெரியம்மாவுக்கு மகா சங்கடமாயிற்று. நோயைவிட இது கொடிதென்று அடுப்படியில் முறையிட்டுக்கொண்டே காத்திருந்தவர், ஆடி பிறந்தபோது சால்வையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, வெக்கை தாங்கவில்லையென்று ஓலை விசிறியைத் தேடினார்.