சிவனொளிபாத மலைக்கு வழித்துணை

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு மலையென்பது ஏட்டிற் கண்ட பொருளேயாம். கீரிமலையும் பெயரளவிலேதான் மலை. 1344 ஆம் ஆண்டளவில் இபுனு பதூதா சிவனொளிபாதம் காண விழைந்தபோது, ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கோடு, ஆண்டுதோறும் அங்கே யாத்திரை செல்லும் யோகியர் நால்வரையும் உடன் அனுப்பினான். வழியறிந்த துணையின் அருமையை அம்மன்னன் அறிந்திருந்தான், யான் அறிந்திலேன்.

டிசெம்பர்ப் பூரணை முதல் வெசாக் பூரணை வரையே யாத்திரைக் காலம். பின்னர்த் தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும் மலையைச் சூழ்ந்துகொள்ளும். நல்லதண்ணியிலிருந்து 5,000 படிகளுக்கு மேல் ஏறவேண்டும்; உச்சியின் உயரம் 2,243 மீற்றர்.

“மாற்றுச் சட்டையொன்று கொண்டு வாருங்கள், ஐயா” என்றான் மஸ்கெலியாவிற் பிறந்த என் மாணவன். யான் நகைத்தேன். வைகறையில் உச்சியை அடைந்ததும், வியர்வையில் நனைந்த உடை குளிர்காற்றிற் பனிக்கட்டிபோல் உடலை வருத்தியது. அவன் தன் கம்பளியை என்மேற் போர்த்தினான்.

ஞாயிறு எழ, மலையின் முக்கோண நிழல் மேற்கே முகில்மேல் நீண்டது. கண்ட களிப்பில் விரைந்திறங்கினேன். ஏறுகையில் மூச்சுத்தான் வாங்கும். இறங்குகையிலோ உடற்பாரம் முழுவதும் முழங்காலிற் பொறுக்கும். ஈரப்படியொன்றில் வழுக்கினேன்.

“பக்கவாட்டில் அடிவையுங்கள், ஐயா, கைப்பிடியை விடாதீர்கள்.”

அன்று அவனே ஆசிரியன். அடிவாரத் தேநீர்க்கடையை அடையும்வரை அவன் தோளை யான் விட்டிலேன்.