வெள்ளைப்படுதலும் ஓர் ஒட்டுண்ணியும்

பெண்களுக்கு வெள்ளைப்படுதல் மிகுந்தால் ‘உடம்புச் சூடு’ எனக் கூறி, வெந்தயத்தையும் இளநீரையும் நாடுவது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். வெள்ளைப்படுதல் எல்லாம் நோயன்று. ஆயினும், மஞ்சள் அல்லது பச்சை கலந்த நிறமும், துர்நாற்றமும், அரிப்பும், சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் காணப்படின் கிருமியொன்று காரணமாயிருக்கக்கூடும். அத்தகைய கிருமிகளுள் ஒன்றே டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி.

ஒரே உயிரணுவாலான இதனை 1836ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் டோனே நுண்பெருக்கிக் கண்ணாடியின் வாயிலாகக் கண்டறிந்தார். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 15 கோடியே 60 லட்சம் பேருக்கு இது புதிதாகத் தொற்றியதென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இது பரவுவது உடலுறவினால். குளத்து நீரின்மீதும் பொதுக் கழிப்பிடத்தின்மீதும் பழி சுமத்துவதிற் பயனில்லை.

எமது வட்டாரத்து மகளிர் குழுக் கூட்டமொன்றில் ஒரு பெண்மணி, தாம் மும்முறை மாத்திரை உண்டும் நோய் திரும்பிவிட்டதாகக் கூறினார். கணவர் மருந்துண்டாரா என வினவியதற்கு, “அவருக்குத்தான் ஒன்றுமில்லையே!” என்றார். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தொற்றுடையோரில் பெரும்பாலோர்க்கு, சிறப்பாக ஆண்களுக்கு, யாதோர் அறிகுறியும் தோன்றுவதில்லை. ஒரு வயலிற் கோரையைக் களைந்து அடுத்த வயலில் விட்டுவைத்தால் என்னவாகும் என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தம்பதிகள் இருவரும் ஒரே சமயத்தில் மருந்துண்ண வேண்டும். மருந்து முடிந்து, அறிகுறிகள் நீங்கும்வரை சேர்க்கையைத் தவிர்த்தல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கருத வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. இத்தொற்று மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கிலும், வெளித்தெரியாது தங்கியிருக்கும். ஆகவே, யாரிடமிருந்து யாருக்கு எப்பொழுது வந்தது என்பதை நோயைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. மனைவியின் நடத்தைக்கு இதனைச் சான்றாகக் கொண்டு வழக்கெழுப்புவோரை ஊர்ப் பெரியவர்கள் மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

கவனியாது விட்டால், கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவம் நேரவும், குழந்தை எடை குறைந்து பிறக்கவும் வாய்ப்பு மிகும், எச்.ஐ.வி. தொற்றுவதும் எளிதாகும். மருந்தோ மலிவானது. மெட்ரோனிடசோல் மாத்திரையே பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடும். அளவையும் நாட்களையும் மருத்துவரே கூறுவார். கடையில் தாமாக வாங்கி, பாதியில் நிறுத்துவது தவறு. ஒருமுறை குணமானவர்க்கும் மீண்டும் தொற்றக்கூடுமாதலால், பெண்கள் மூன்று மாதங்கட்குப்பின் மறுபரிசோதனை செய்துகொள்ளுதல் நன்று. முறையாகப் பயன்படுத்தும் ஆணுறை தொற்றைப் பெரிதும் குறைக்கும். அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கேட்க நாணுவோர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தனிமையிற் பேசலாம்.