நெசவாளர் தெருவுக்கு இணையத்தில் வழி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கு முன்னால் வருகிறது பாலராமபுரம். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா (1798-1810) காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்களின் சந்ததியினர் வாழும் ஊர். இங்கே குழித்தறியில் நெய்யும் புடவைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நேரில் வருபவருக்கு நெசவாளர் தெருவைக் காட்ட ஆள் உண்டு. இணையத்தில் வழி காட்டுவது யார்?

வீண் கேள்வியல்ல இது. ஊர்ப் பெயரைத் தட்டித் தேடுகிறவர் கண்ணில் நெசவாளரின் பக்கம் படாவிட்டால், விசைத்தறித் துணியை அதே பெயரில் விற்க நினைப்பவருக்கு வேலை சுலபமாகிவிடும்.

தேடுபொறிகள் ஓர் இணைப்பைப் பிடித்து இன்னொன்றுக்குப் போய்த்தான் பக்கங்களைக் கண்டுபிடிக்கின்றன. புதிய, சிறிய இணையதளத்துக்கு வெளியிலிருந்து இணைப்புகள் குறைவு. கரையின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே திறக்கும் பக்கங்கள் கவனிக்கப்படாமலே போகலாம். இதற்குப் பரிகாரமாக 2005 ஜூனில் கூகுள் கொண்டுவந்ததுதான் எக்ஸ்எம்எல் சைட்மேப். 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசாஃப்ட்டும் அதை ஏற்றுக்கொண்டன.

சங்கதி எளிது. தளத்தின் பக்கங்களை வரிசைப்படுத்தும் பட்டியல் அது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 'லாக்' என்ற குறிக்குள் முழு முகவரி, 'லாஸ்ட்மாட்' என்ற குறிக்குள் கடைசியாக மாற்றிய தேதி. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள், 50 எம்பி வரை அடங்கும். வேர்ட்பிரஸ்ஸில் நடக்கும் தளம் என்றால் கவலையில்லை. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு முதல் அதுவே பட்டியலைத் தயாரித்துவிடுகிறது. 'ரோபாட்ஸ்' கோப்பில் பட்டியலின் முகவரியை ஒரு வரியில் எழுதி, கூகுள் சர்ச் கன்சோலிலும் சமர்ப்பித்தால் வேலை முடிந்தது.

சறுக்கும் இடங்களும் உண்டு. விற்றுத் தீர்ந்து நீக்கிய புடவையின் பக்கம் பட்டியலில் இருக்கக் கூடாது. எதையும் மாற்றாமல் எல்லாப் பக்கங்களுக்கும் இன்றைய தேதியைப் போட்டால் கூகுள் அந்தத் தேதிகளை நம்பாது. முக்கியத்துவத்தைச் சொல்லும் 'ப்ரையாரிட்டி' குறியை அது பொருட்படுத்துவதே இல்லை.

பட்டியல் கொடுத்தால் முதலிடம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தேடுபொறி பக்கத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்பதற்கே உத்தரவாதமில்லை. நூல் என்ன, தறி எது, நெய்ய எத்தனை நாள் என்று பக்கம்தான் சொல்ல வேண்டும். பட்டியல் வாசல்வரை அழைத்து வரும். புடவையை விரித்துக் காட்டுவது நெசவாளர் பொறுப்பு.